கொழும்பில் வீடு தேடுபவருக்கு: இணைய விளம்பரத்தை எதற்கு நம்பலாம், தரகரை எதற்கு நம்பலாம்

வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் பிள்ளை இரவோடு இரவாக ஒரு விளம்பரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பும். படங்கள் பளிச்சென்று இருக்கும், வாடகையும் கட்டுப்படியாகும். காலையில் அந்த இலக்கத்துக்கு அழைத்தால் எடுப்பவர் வீட்டுக்காரர் இல்லை, தரகர். "அது நேற்றுத்தான் போயிட்டுது அக்கா. இன்னொண்டு கிடக்கு, பின்னேரம் வந்து பாருங்கோவன்."

இணையத்தில் தேடுவதா, தரகரைப் பிடிப்பதா என்று பலர் கேட்கிறார்கள். கொழும்பில் இந்த இரண்டும் தனித்தனியாக இல்லை. இக்மன், லங்கா ப்ராபர்ட்டி வெப் போன்ற இணைய விளம்பரத் தளங்களில் தரகர்களே நிறைய விளம்பரம் போடுகிறார்கள். அதே தளங்களைப் பார்த்துத்தான் அவர்கள் புது வீடுகளையும் பிடிக்கிறார்கள். ஆகவே எந்தத் தகவலுக்கு யாரிடம் போவது என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். விலை நிலவரம் தெரிய வேண்டுமா, தளம் நல்லது. வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், வீடு ஏன் இவ்வளவு காலம் காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் தரகருக்குத்தான் தெரியும். உறுதி (சொத்தின் உரிமைப் பத்திரம்) சரியா, காணி ஈட்டில் (அடமானத்தில்) இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் இருவரின் பதிலையும் எடுக்காதீர்கள். அதற்குச் சட்டத்தரணியும் காணிப் பதிவகமும் இருக்கின்றன.

படி 1: தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

எத்தனை அறை, எவ்வளவு வாடகை, எந்தப் பகுதி, லிஃப்ட் வேண்டுமா, வாகனத் தரிப்பிடம் வேண்டுமா. இதில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை முடியாது என்பதையும் குறியுங்கள். தரகருடன் பேசும்போது இந்தத் தாள் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் அவர் கையில் இருக்கும் வீட்டுக்கு ஏற்றபடி உங்கள் தேவை மாறிவிடும்.

படி 2: விலையைத் தளத்தில் படியுங்கள்

முதல் இரண்டு வாரம் யாருக்கும் அழைக்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு கொப்பியில் பகுதி, அறை எண்ணிக்கை, சதுர அடி, கேட்கும் தொகை, விளம்பரம் கண்ணில் பட்ட நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். கொஞ்ச நாளிலேயே சில விஷயங்கள் தெளியும்.

ஒன்று, அந்த விலை கேட்கும் விலை மட்டும்தான். கடைசியில் எத்தனைக்குக் கைமாறியது என்று எந்தத் தளமும் சொல்லாது. இலங்கை மத்திய வங்கி கொழும்பு மாவட்டத்துக்குக் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டி ஒன்றை அரையாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. உங்கள் ஒழுங்கையில் இன்ன விலை என்று அது சொல்லாது. விலைகள் ஏறும் போக்கில் இருக்கின்றனவா, தேங்கி நிற்கின்றனவா என்று காட்டும். பேரம் பேசப் போகும்போது அதுவே பெரிய பலம்.

இரண்டாவது, ஒரே வீடு பல முறை வரும். உதாரணத்துக்கு, ஒரே தொடர்மாடியில் ஒரே மாடியில் உள்ள வீட்டை ஒரு தரகர் 160,000 என்று போட்டிருப்பார், இன்னொருவர் 175,000 என்று, மூன்றாமவர் 190,000 என்று. மூவரும் பொய் சொல்கிறார்கள் என்றில்லை. வீட்டுக்காரர் மூவரிடமும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு தொகை சொல்லியிருக்கலாம், அல்லது பேரத்துக்கென்று இடம் விட்டுப் போட்டிருக்கலாம். ஜன்னல் கம்பி, தரை ஓடு, சமையலறைக் கப்போர்டு நிறம் ஆகியவற்றை ஒப்பிட்டால் ஒரே வீடு என்று கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்ததும் ஆகக் குறைந்த தொகையிலிருந்து பேசத் தொடங்குங்கள்.

மூன்றாவது, காணி விலையில் பேர்ச் கணக்கு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில் பழகியவர்கள் ஒரு பரப்பு 10 பேர்ச் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் உள்ள தொகை மொத்தத்துக்கா, ஒரு பேர்ச்சுக்கா என்று கட்டாயம் பாருங்கள். மிகவும் மலிவாகத் தெரியும் காணிகளில் பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது.

இன்னொரு விஷயம். விளம்பரத்தின் மேல் உள்ள தேதியைப் பெரிதாக எடுக்க வேண்டாம். காசு கட்டி மேலே ஏற்றலாம், அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம். உங்கள் கொப்பியில் உள்ள தேதிதான் உண்மை. இரண்டு மாதம் கழித்தும் அதே வீடு நிற்கிறதென்றால் ஒன்று விலை கூட, அல்லது ஏதோ குறை உண்டு. இரண்டுமே உங்களுக்குப் பேசும் இடம்.

படி 3: ஒரு விளம்பரத்தை வரி வரியாக வாசியுங்கள்

இப்படி ஒரு விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம்: "வெள்ளவத்தை, காலி வீதிக்கு 100 மீற்றர், 3 அறை, 2 பாத்ரூம், கடல் காட்சி, புதிதாக வர்ணம் பூசியது, சைவ உணவு உண்போர் விரும்பப்படுவர்."

காலி வீதிக்கு 100 மீற்றர் என்றால் கடல் பக்கமா, உள்பக்கமா என்று கேளுங்கள். கடல் பக்க ஒழுங்கைகள் மரைன் டிரைவ் வரை போகும், அதற்கப்பால் கரையோர ரயில் பாதை. கடல் காட்சி என்று எழுதிய வீட்டில் ரயில் சத்தமும் சேர்த்துத்தான் வாடகைக்கு வருகிறது. உப்புக் காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கீல், கேட் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் திருத்த வேலைக்கு யார் காசு கொடுப்பது என்று பிறகு சண்டை வரும்.

புதிதாக வர்ணம் பூசியது என்றால் மழைக்காலத்தில் சுவர் ஊறுகிறதா என்று கேட்க வேண்டும். மேல்மாடியில் இருந்தால் இரட்டிப்பாகக் கேட்க வேண்டும். சைவ உணவு வரி வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் இருக்கிறார் என்பதற்குப் பெரும்பாலும் அடையாளம். நீங்கள் மச்சம் சாப்பிடுபவர் என்றால் அதை மறைத்துக் குடிபோய் ஒரு வருடம் முழுக்கப் பயந்து சமைப்பதைவிட, முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எழுதாமல் விட்டதையும் பாருங்கள். மூன்று அறை என்று போட்டு இரண்டு அறைப் படம்தான் இருக்கிறதா? சமையலறைப் படமே இல்லையா? மாதப் பராமரிப்புக் கட்டணம் எழுதியிருக்கிறதா? லிஃப்ட், ஜெனரேட்டர் உள்ள தொடர்மாடிகளில் இந்தக் கட்டணம் வாடகைக்கு மேல் தனியாக வரும்.

உறுப்பினர் என்றும் சரிபார்க்கப்பட்டவர் என்றும் தளங்கள் போடும் முத்திரைகள் விளம்பரம் போட்டவரின் கணக்கைப் பற்றியவை. வீட்டின் உறுதியை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. பேஸ்புக் குழுக்களில் இந்தச் சிறிய முத்திரைகூடக் கிடையாது.

படி 4: முதல் அழைப்பு

நான்கு கேள்வி போதும். நீங்கள் வீட்டுக்காரரா, தரகரா? வீடு இப்போது காலியாக இருக்கிறதா, ஆள் இருக்கிறார்களா? கடைசி வாடகையும் முற்பணமும் எவ்வளவு? இன்றைக்கோ நாளைக்கோ பார்க்கலாமா?

பார்க்கும் முன்பே முற்பணம் போடச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். "நிறையப் பேர் கேட்கிறார்கள், ஐயாயிரம் போட்டால் உங்களுக்கென்று பிடித்து வைக்கிறேன்" என்பது வீடே இல்லாதவர் சொல்லும் வசனம். வீட்டுக்காரர் வெளிநாட்டில், சாவியைக் கூரியரில் அனுப்புவார் என்பதும் அதே ரகம். வங்கி இரகசிய இலக்கம் கேட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

"அது போயிட்டுது" என்ற பதில் வந்தால் கோபப்பட வேண்டாம். சில நேரம் உண்மையாகவே போயிருக்கும், விளம்பரத்தை எடுக்க மறந்திருப்பார்கள். ஆனால் ஒரே ஆள் போட்ட எல்லா வீடும் நேற்றுத்தான் போயிருந்தால் அவரை விட்டுவிடுங்கள்.

படி 5: தரகரைத் தேர்ந்தெடுப்பது

தரகர் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒரு சில ஒழுங்கைகளை மட்டும் வைத்துத் தொழில் செய்யும் பழைய தரகர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்டடத்தில் தண்ணீர் மேலே ஏறாது, எந்த வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தர இழுத்தடிப்பார், எந்த வீட்டில் அண்ணன் தம்பி வழக்கு நடக்கிறது என்றெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எந்தத் தளத்திலும் இது கிடைக்காது. விளம்பரத்துக்கே வராத வீடுகளும் அவர்களிடம் இருக்கும். வயதான வீட்டுக்காரர்கள் பலர் இணையப் பக்கம் போவதில்லை. தெரிந்த தரகரிடம் சொல்வார்கள், அல்லது வீரகேசரி ஞாயிறு இதழில் சிறு விளம்பரம் கொடுப்பார்கள்.

இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்கத் தொடர்மாடிச் செக்யூரிட்டியிடமும் சந்தியில் உள்ள பலசரக்குக் கடையிலும் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அவரை அழையுங்கள்.

கமிஷனை முதலிலேயே பேசிவிட வேண்டும். வாடகைக்கு, ஒரு வருட ஒப்பந்தம் என்றால் ஒரு மாத வாடகை, ஆறு மாதம் என்றால் அரை மாதம் என்பது கொழும்பில் பரவலான வழக்கம். விற்பனையில் விற்பவர் 3 சதவீதம்வரை கொடுப்பது வழக்கம், வாங்குபவரிடமும் கேட்பவர்கள் உண்டு. இது எல்லாம் பேச்சுக்கு உட்பட்டது. யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, ஒப்பந்தம் முறிந்தால் என்ன என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்டதை வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தாகும் முன் கமிஷன் கொடுக்க வேண்டாம்.

அவரது நலன் எங்கே இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஒப்பந்தம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. 4 கோடி ரூபாய் வீட்டில் 3 சதவீதம் 12 இலட்சம். அந்த 12 இலட்சத்துக்கு முன்னால் "கூரை கொஞ்சம் ஒழுகும்" என்று அவரே முன்வந்து சொல்ல மாட்டார். கேட்டால் சொல்வார். அதனால் நேரடியாகக் கேளுங்கள்: முந்தைய ஆட்கள் ஏன் போனார்கள்? எத்தனை மாதமாகக் காலி? வீட்டுக்காரர் யார், எங்கே இருக்கிறார்? நல்ல தரகர் சொல்வார். மழுப்புகிறவரிடம் வீடு பார்க்கலாம், ஆனால் அவர் சொல்லை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

இங்கேதான் உங்கள் கொப்பி உதவும். அவர் சொல்லும் விலையைத் தளத்தில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். தளத்தில் கண்ட வீட்டைப் பற்றி, அதில் சம்பந்தப்படாத வேறொரு தரகரிடம் விசாரியுங்கள். தொழில்போட்டி காரணமாகவாவது உண்மை வெளியே வரும்.

படி 6: வீட்டைப் பார்ப்பது

இரண்டு நேரம் பாருங்கள், ஒன்று வேலை நாள் மாலை, ஒன்று மழை பெய்த பிறகு. குழாயைத் திறந்து மேல்மாடிவரை தண்ணீர் வரும் வேகத்தைப் பாருங்கள். கூரையில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறதா, பம்பு யாருடைய மீற்றரில் ஓடுகிறது என்று கேளுங்கள். அனெக்ஸ் (வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) என்றால் மின் மீற்றர் தனியா, வீட்டுக்காரரோடு பொதுவா என்பது முக்கியம். மின் கட்டணம் அலகு கூடக் கூட விலை ஏறும் முறையில் இருப்பதால், ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் ஓடினால் இருவருக்கும் நட்டம், பங்கு பிரிப்பதிலும் மனக்கசப்பு.

வெள்ளம் பற்றி விளம்பரத்தில் ஒருவரும் எழுத மாட்டார்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கிப் போனது. அந்தப் பகுதிகளிலும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களை ஒட்டிய ஒழுங்கைகளிலும் மதில் சுவரின் அடியைப் பாருங்கள். ஒரே மட்டத்தில் கறை ஓடினாலும் கீழ்ப்பகுதி மட்டும் புதிதாகப் பூசப்பட்டிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவருக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை, நேராகச் சொல்வார்.

கட்டடத்தின் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். 2017 மே மாதம் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே ஒரு பலமாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. தூண்களில் வெடிப்பு, மேலே பிறகு ஏற்றிய மாடி, பக்கத்தில் ஆழமாகத் தோண்டும் வேலை, இவை கண்ணில் பட்டால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வாருங்கள்.

படி 7: வாடகை என்றால் எழுத்து

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதிகளை எழுதிச் சான்றுப்படுத்தும் அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று தரகர் சொல்வார். சண்டை வரும் நாளில் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மீட்க வீட்டுக்காரருக்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே முடிவுத் தேதி, நீடிப்பு, முன்னறிவித்தல் காலம் ஆகியவை தெளிவாக இருக்கட்டும்.

திருப்பித் தரும் வைப்புப் பணம் எவ்வளவு, மாத வாடகையில் கழியும் முற்பணம் எவ்வளவு என்று தனித்தனியாகத் தொகையிட்டு எழுதுவியுங்கள். இரண்டையும் ஒன்றாக "அட்வான்ஸ்" என்று எழுதிவிட்டால், போகும்போது கடைசி மாதங்களின் கணக்கில்தான் தகராறு தொடங்கும். பணம் கொடுக்கும் முன் மின் பட்டியலில் உள்ள பெயரையும் வீட்டுக்காரரின் அடையாள அட்டையையும் ஒப்பிடுங்கள். பெயர் மாறியிருந்தால் காரணம் கேளுங்கள். உங்கள் அடையாள அட்டைப் பிரதியும் பொலிஸ் பதிவுப் படிவமும் சில வீட்டுக்காரர் கேட்பார்கள். போர்க் காலத்தில் கொழும்புத் தமிழர் பட்ட பாட்டை நினைத்தால் மனம் சங்கடப்படும், ஆனாலும் பிரதியின் மேல் எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்.

படி 8: வாங்குவது என்றால்

இங்கே தளமும் தரகரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சட்டத்தரணியை நீங்களே தேடுங்கள். தரகர் கூட்டி வரும் சட்டத்தரணியும் விற்பவரின் சட்டத்தரணியும் வேண்டாம். "ஒரே ஆள் செய்தால் செலவு குறையும்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் காணிப் பதிவகத்தில் வழக்கமாக முப்பது வருடப் பதிவுகளைத் தேடி உரித்து எப்படி வந்தது, ஈடு உண்டா, வழக்குத் தடை உண்டா என்று பார்ப்பார். நில அளவை வரைபடம், மாநகர சபையின் கட்டட அனுமதியும் இணக்கச் சான்றிதழும், தெருக் கோட்டுச் சான்றிதழ், வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவையும் வேண்டும். தொடர்மாடி என்றால் கூட்டாதன வரைபடம் (கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடம்) பதிவாகியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அது இல்லாமல் உங்கள் வீட்டுக்கென்று தனி உறுதி எழுத முடியாது. "உறுதி பிறகு வரும், இப்போது ஒப்பந்தம் போடுவோம்" என்று சொல்லும் இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும்.

வீட்டுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருக்க, இங்கே ஒருவர் அற்றோர்ணித் தத்துவத்தோடு (வீட்டுக்காரர் சார்பில் செயற்படக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு) கையெழுத்து வைப்பது நம்மவர்களிடையே சாதாரணம். அந்தத் தத்துவம் பதிவு செய்யப்பட்டதா, இந்தக் காணியை விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று சட்டத்தரணி பார்க்கட்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் தத்துவமும் முடிந்தது. நீங்களும் வீடியோ அழைப்பில் வீட்டுக்காரரோடு நேராகப் பேசிவிடுங்கள். தரகர் அதைத் தடுத்தால், ஒரு நாள் தள்ளிப்போட்டாலும்கூட, கையெழுத்தையும் தள்ளிப்போடுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்த பிள்ளைகளின் பெயரில் வாங்கும் முன் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதை அது தடுக்கிறது. ஆனால் தொடர்மாடி வீட்டை, முழுத் தொகையையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக முன்கூட்டியே கொண்டுவந்து வாங்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது.

படி 9: பணமும் பதிவும்

விற்பனை ஒப்பந்தமும் நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும். தரகர் கையில் முற்பணத்தைக் கொடுத்து ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதால் அந்த வீடு உங்களுக்கு உறுதியாகிவிடாது. பணம் விற்பவரின் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும், காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ. தரகரின் கணக்குக்குக் கமிஷனைத் தவிர எதுவும் போகக்கூடாது.

முத்திரைத் தீர்வையையும் பட்ஜெட்டில் சேருங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 4 கோடி வீட்டுக்கு 15 இலட்சத்து 99 ஆயிரம் வரும். நொத்தாரிசின் கட்டணம் இதற்கு மேல்.

உறுதி எழுதி முடிந்ததும் பலர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பதிவாகாத உறுதியைவிட, அதே காணிக்குப் பிறகு எழுதி முதலில் பதிவு செய்யப்பட்ட உறுதி முந்திக்கொள்ள இடம் உண்டு. அதனால் எந்தத் தேதியில் பதிவகத்துக்குக் கொடுத்தீர்கள் என்று நொத்தாரிசிடம் கேட்டு, பதிவான பிரதியைக் கையில் வாங்குங்கள். அப்புறம் மாநகர சபையின் வரிப் பதிவேட்டிலும் மின், நீர்க் கணக்குகளிலும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.